மூக்குத் தகடு

பனித்திட்டுக் குப்பத்தில் மீன் கூடையைச் சைக்கிளில் கட்டிய முதல் ஆள் தேவநாதன். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பழைய வண்டி. முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் காது வைத்த மரை. விரலால் திருகியே சக்கரத்தைக் கழற்றிவிடலாம். பாகூர் சந்தையில் யாரும் வண்டியை ஓட்டிப் போய்விடாதபடி சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விற்பான்.

"இன்னா தேவநாதா, இன்னிக்கு வஞ்சிரமா, சக்கரமா?" என்று கேலி பேசுவார்கள்.

மரைக்கு அடியில் வளைந்த மூக்குள்ள தகடு ஒன்று இருந்தது. அந்த மூக்கு, சக்கரத்தைப் பிடிக்கும் கவையின் துளையில் மாட்டியிருக்கும். மரை தளர்ந்தாலும் சக்கரம் விழாது. ஆனால் மீன் வழுவழுப்போடு தினமும் அதை நெம்பி எடுப்பது அவனுக்கு எரிச்சல். இரண்டு தகடுகளையும் கழற்றிப் போட்டான். மனைவி கெங்கம்மாள் அவற்றை வலை ஓரத்தில் கனத்துக்குக் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து, ஓட்டத்தில் தளர்ந்துபோகும் மரையை ஒவ்வொரு முறையும் ஏறும் முன் இறுக்கிப் பார்ப்பது அவன் வழக்கம். யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஒரு காலை கெளுத்தி முள் குத்தி அவன் பாதம் வீங்கிக் கிடந்தது. மச்சினன் உத்திராபதி கூடையைக் கட்டினான்.

"வண்டி பத்திரம்டா."

"எங்கக்காவையே உன்ன நம்பிக் குடுத்தோம் மாமா. ஒரு நாளு சைக்கிள குடுக்க மாட்டியா?"

தேவநாதன் சிரித்தான். வண்டி பனைமரங்களைத் தாண்டியபோதுதான் அவன் விரல்களுக்கு ஞாபகம் வந்தது. கூப்பிட்டான். கரைக்காற்று குரலைக் கடல் பக்கம் தள்ளியது. எழுந்தவன் பாதம் ஊன்ற முடியாமல் விழுந்தான்.

"கெங்கா, ஓடு. மரை இறுக்கல."

அவள் ஓடினாள். அவன் மணலில் உட்கார்ந்து பாதையையே பார்த்திருந்தான்.

வெயில் ஏறியபின் கெங்கம்மாள் வந்தாள். கையில் முன்சக்கரம் மட்டும் இருந்தது.

"வாய்க்கா மேட்டுல கழண்டுகிச்சாம். அவனையும் சைக்கிளையும் மாட்டு வண்டியில ஏத்திகினு பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க."

"பேசுறானா?"

"வாயெல்லாம் ரத்தம். இன்னாத்தப் பேசுவான்." சக்கரத்தை அவன் பக்கத்தில் சாய்த்துவிட்டு, மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போய்விட்டாள்.

தேவநாதன் தவழ்ந்துபோய் வலையிலிருந்து இரண்டு தகடுகளையும் அவிழ்த்தான். துடைத்தான். மாட்டுவதற்கு வண்டி அங்கே இல்லை. சக்கரம் மட்டும்தான் இருந்தது.