குசினிக்கு அனுப்பிய கொலைக் கதைகள்

என்னுடைய துப்பறியும் கதைகளை வாசிக்கிறவர்கள் ஹட்டன் டவுனில் எங்காவது என்னைக் கண்டால், முதல் கதை எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு "சும்மாதாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் பக்கம் நகர்ந்துவிடுவேன். ஆட்களுக்கு முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதிச் சொல்கிறேன்.

என் மனைவி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டின் கூரையை மாற்றக்கூட எங்கள் சம்பளம் போதவில்லை. இரண்டு வருடம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றாள். நான் தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். டயகம பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் கோயிலுக்கு மேலே இருக்கும் பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். வேலை விட்டதும் அதில் ஏறி, வாட்ஸ்அப்பில் அவளுக்குப் பேசி அனுப்புவேன். சாப்பிட்டியா, உடம்பு எப்படி என்று கேட்ட பிறகு என்னிடம் பேச்சு இருக்காது. ஒரே அறையில் இருந்தபோதும் அவள்தான் பேசுவாள்.

"ஏங்க, ஊமையவா நான் கட்டிக்கிட்டேன்? எதாச்சும் சொல்லுங்க. இங்க தமிழ்ல ஒரு சொல்லு காதுல விழ மாட்டேங்குது" என்று ஒருநாள் அனுப்பினாள்.

சொல்வதற்கு இங்கே மழையையும் அட்டைக்கடியையும் விட்டால் என்ன இருக்கிறது? வாய்க்கு வந்தபடி ஒரு கதையை ஆரம்பித்தேன். ஒரு தோட்டத்துப் பங்களாவில் பெரிய துரை செத்துக் கிடக்கிறார்; நாய் குரைக்கவே இல்லை.

மறுநாள் அவளுடைய பதில் வந்தது. "யாருங்க கொன்னது? இத மனசுல வச்சிக்கிட்டு நான் எப்படிங்க துணி ஸ்திரி போடுறது?"

கண்டுபிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். என் துப்பறிவாளர் அப்படித்தான் வந்தார். பங்களாவின் முன்வாசல் வழியாகப் போய், யாரும் சொல்லாமலே கதிரையில் உட்காருகிறவர். துரையிடமும் போலீஸிடமும் குரலைத் தாழ்த்தாதவர். நான் ஒருநாளும் செய்யத் துணியாததையெல்லாம் அவருக்குக் கொடுத்தேன்.

அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "ஒங்க ஆளுக்கு மூள பத்தாதுங்க. குசினியில சமைக்கிற பொம்பளகிட்ட ஒரு வார்த்த கேக்குறாரா? வீட்டுல நடக்குறது அவளுக்குத்தானே தெரியும்" என்றாள். அன்றிலிருந்து அவர் எந்த வீட்டிலும் முதலில் குசினிக்குத்தான் போகிறார். வாசகர்கள் மெச்சுகிற அந்தப் பழக்கம் அவள் கொடுத்தது.

பிறகு ஒருநாள் அவளுடைய குரல் மிகவும் இறங்கியிருந்தது. குசினியில் ஆண் குரல் கேட்டதென்று அந்த வீட்டு மேடம் சத்தம் போட்டாளாம். "இனிமே பேசி அனுப்பாதீங்க. எழுதி அனுப்புங்க, நான் வாசிச்சிக்கிறேன்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்துவேன். மழை வந்தால் இடுப்பில் கட்டும் படங்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குத்துவேன். கதைகள் போனிலிருந்து அழிந்துவிடுமோ என்ற பயத்தில், ஹட்டனில் ஓர் அச்சகத்தில் தாளில் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். அச்சகக்காரர் அங்கேயே நின்று வாசித்துவிட்டு, "அண்ணே, இத புத்தகமா போடுவோம்" என்றார். போட்டார். அடுத்ததையும் கேட்டார்.

இரண்டு வருடம் முடிந்தது. அவள் வரவில்லை. பாஸ்போர்ட் அந்தச் சவூதி வீட்டுக்காரர் கையில் இருந்தது. வேறு ஆள் கிடைக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளை அனுப்பிய ஏஜென்சிக்குப் போனேன்.

"சம்பளம் ஒழுங்கா வருதுதானே அண்ணே?" என்றார் அங்கே இருந்தவர்.

"வருதுங்க."

"பொறகென்ன?"

கொழும்பில் வெளிநாட்டு வேலைக்கான அரசாங்க அலுவலகத்துக்கும் போய், தெரிந்த சிங்களத்தில் முறைப்பாடு செய்தேன். அறிவிக்கிறோம் என்றார்கள். இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

அந்த ஆத்திரத்தில் என் துப்பறிவாளரை விமானத்தில் ஏற்றி அனுப்பினேன். அவள் இருக்கும் வீட்டு முன்வாசலில் அவர் மணி அடித்தார். உள்ளே போய் உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளையோட பாஸ்போர்ட்ட எடுங்க" என்றார். வீட்டுக்காரர் முடியாது என்றார்.

அதற்கு மேல் எழுத வரவில்லை. கொலைகாரனை வளைத்துப் பிடிக்க எனக்கு வழி தெரியும். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவர அவர் எதைக் காட்ட வேண்டும், யாரை மிரட்ட வேண்டும்? எனக்குத் தெரியாதது அவருக்கும் தெரியவில்லை. நாள் கணக்கில் அவரை அந்தக் கதிரையிலேயே உட்கார வைத்திருந்தேன்.

"ஏங்க, கத என்னாச்சு?" என்று கேட்டு எழுதினாள்.

"அவருக்கு ஒன்னும் ஓட மாட்டேங்குது புள்ள."

வாசித்துவிட்டாள் என்பதற்கு நீல அடையாளம் விழுந்தது. பதில் வந்தது.

"பாவம், அவர ஊருக்கே அனுப்பிருங்க. இங்க அவரால ஒன்னும் செய்ய ஏலாது. வேற கொல ஒன்ன ஆரம்பிங்க. இந்தத் தடவ நல்லா நீளமா இருக்கட்டும்."

அவரைத் திரும்ப விமானம் ஏற்றினேன். வலப்பனைச் சந்தைக்குப் பின்னால் ஒரு மரக்கறி வியாபாரியைக் கொன்று போட்டு, சந்தேகப்படுவதற்கென்று அந்த ஊரில் கண்ணில் பட்ட அத்தனை பேரையும் கதைக்குள் கொண்டுவரத் தொடங்கினேன்.