எங்களை ஏற்றிக்கொண்ட வேன்காரர்

பன்றிக் காய்ச்சலில் எங்கள் ஊரில் இரண்டு பேர் செத்ததும், அந்த ஊர் ஆட்களை வேனில் ஏற்ற வேண்டாம் என்று பனியன் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். நாங்கள் நாலு பொம்பளைகள் பக்கத்து ஊருக்கு நடந்துபோய் நின்றோம்.

வேன்காரர் நரைத்த மீசைக்காரர். எல்லோரும் உட்கார்ந்தாச்சா என்று திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார். மூணு வருசமாக எங்களை எங்கள் ஊரிலேயே ஏற்றினவர்.

“ஏனுங்க, நீங்க இந்த ஊருதானுங்களே?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

“அப்பச் சரி. கேட்டா நானும் அப்படியே சொல்லிப்போடறனுங்க. ஏறுங்க.”

பத்து நாளில் அவருக்கே காய்ச்சல் கண்டு, வேறு டிரைவர் வந்தார். ஒரு நாள் போகிற வழியில், பழையவர் தன் வீட்டு வாசலிலிருந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நாங்கள் நாலு பேரும் சன்னல் கண்ணாடியை இழுத்து மூடினோம். மூடின பிறகும் அவர் ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.