சஹனில் ஸபூராவின் இடம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய மாளிகை ஹோட்டலாகியிருக்கிறது. பேரை எழுதவில்லை. விளம்பரத்துக்கு அவர்களிடமே காசு இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை கட்டி, சுருட்டு முதலாளி வாங்கி, ஆமி குடியிருந்து, கடைசியில் ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் கையில் வந்து சேர்ந்த கட்டடம். வாசலில் இறங்கியதும் குளிர்ந்த துவாய் தருவார்கள். அங்கே தங்க வருகிறவர்கள் கட்டிலுக்குக் காசு கொடுப்பதில்லை, 'அனுபவ'த்துக்குக் கொடுக்கிறார்கள். கள்ளுச் சீவுவதைப் பார்ப்பது ஓர் அனுபவம். வள்ளத்தில் போவது ஓர் அனுபவம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஸபூரா ஓர் அனுபவம்.

ஸபூராவுக்கு ஐம்பத்துநாலு வயது. யாழ்ப்பாண முஸ்லிம்களின் சோனகத் தெருவில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் விரட்டப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருபது வருடம் இருந்து, அங்கே கலியாணம் முடித்து, அங்கேயே புருஷனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். வந்து பார்த்தால் வீட்டில் மிஞ்சியது நாலு சுவரும் ஒரு வேப்பமரமும். மரம் குசினிக்குள் நின்றது.

ஹோட்டல் குசினியில் ஏழு வருடமாக நாட்கூலி. காய்ச்சலில் படுத்தால் சம்பளம் இல்லை. பெருநாளுக்கு வீட்டில் நின்றாலும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நிரந்தரமாக்குங்கள். பரிசாகக் கேட்கவில்லை. ஏழு வருடம் உழைத்தவரின் உரிமை அது.

முகாமையாளர் தனோஜன் பண்டத்தரிப்புப் பொடியன். வெளிநாட்டில் ஹோட்டல் படிப்பு முடித்தவன். ஸபூராவின் ஆட்டிறைச்சி புரியாணியைத் தின்றுவிட்டு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சஹன் போடுவோம்.

சஹன் என்பது பெரிய தட்டு. ஆறு பேர் பாயில் வட்டமாக இருந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அவரவர் கை அவரவர் பக்கத்தில்தான் போகவேண்டும். ஆறாவது இடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது, ஆளில்லாவிட்டால் சமைத்தவராவது வந்து குந்த வேண்டும். கடைசி ஆள் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. நல்ல இறைச்சித் துண்டைப் பக்கத்தில் இருப்பவரின் பக்கம் தள்ளிவிட்டால் அது அன்பு. தள்ளிய துண்டைத் திருப்பித் தள்ளினால், உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஸபூராவின் உம்மா அப்படித்தான் பழக்கியிருந்தார்.

விருந்தினர் ஐந்து பேர் என்றால் ஆறாவதாக ஸபூரா குந்த வேண்டும் என்றான் தனோஜன். முன்பின் தெரியாத ஆம்பிளையளோடு ஒரே தட்டில் கைவைக்க மாட்டேன் என்று ஸபூரா சொல்ல, பெண்களுக்கு மட்டும் என்று மாற்றினான். அதையும் விளம்பரத்தில் போட்டான். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்ததும் அவன்தான். சோனகர் என்றால் வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. வெள்ளியில் சைவக்காரர் மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள் என்பது சைவக்காரனான அவனுக்கே ஞாபகம் வரவில்லை.

மற்ற நாளெல்லாம் பின்பக்கக் குழாயடியில் நின்று தேத்தண்ணீர் குடிக்கும் மனுசி, வெள்ளிக்கிழமை மட்டும் விருந்தினரோடு ஒரே தட்டில். இதைச் சமத்துவம் என்று தனோஜன் சொல்லிக்கொண்டான்.

ஒருமுறை யாரோ ஒரு வெள்ளைக்காரி, நீங்கள் எப்போதும் இந்த ஊரில்தானா இருந்தீர்கள் என்று கேட்க, ஸபூரா தன் கதையைச் சொன்னார். வெள்ளைக்காரி அழுதாள். இணையத்தில் எழுதினாள். அன்றிலிருந்து, கடைசியில் வரும் இனிப்பான வட்டிலப்பத்துக்கு முன்னால் கதை என்று ஒழுங்கு வந்தது.

"அன்ரி, ஆர் கலைச்சதெண்டு மட்டும் சொல்லவேண்டாம்," என்றான் தனோஜன். "யுத்தத்தாலை போனனாங்கள் எண்டு சொல்லுங்கோ."

"யுத்தம் வந்து கதவைத் தட்டினதோ, தம்பி?"

"வாறவை எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, அன்ரி. விளங்கிக்கொள்ளுங்கோ."

நான் எழுதுகிறேன். புலிகள். 1990 ஒக்டோபர். இரண்டு மணித்தியால அவகாசம். நகையையும் காசையும் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது.

ஸபூரா சொல்லும் கதையில் ஓர் அலுமாரி வரும். அவருக்குக் கலியாணம் பேசி, மரூன் சாறி எடுத்து அதற்குள் வைத்திருந்தார்கள். வீட்டையே விட்டுப் போகும்போது உம்மா அலுமாரியை மட்டும் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினார். "வீடு போகுது, அலுமாரியைப் பூட்டுறா" என்று வாப்பா சிரித்தாராம். அந்த இடத்தில்தான் விருந்தினர் அழுவார்கள்.

போன வருடம் ஆவணியில் கனடாவிலிருந்து செல்வநாயகி வந்தாள். உடுப்பிட்டிக்காரி, முதலாளியின் ஒன்றுவிட்ட தங்கை. கூட இரண்டு சகோதரிகள், இரண்டு மகள்மார்.

தனோஜன் காலையிலேயே குசினிக்கு வந்தான். "அன்ரி, இவை முதலாளியின்ரை ஆக்கள். இவை நல்ல மாதிரி ஒரு சொல்லுச் சொன்னால் அடுத்த மாசம் நீங்கள் நிரந்தரம். நான் பொறுப்பு."

"ஏழு வரியமாய் ஆற்றையோ பொறுப்பிலைதான் கிடக்குது, தம்பி. பாப்பம்."

அன்று பின்னேரம் பாயில் ஆறு பேரும் இருந்தார்கள். செல்வநாயகி முதலிலேயே பகிடி விட்டாள். "வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சி. அம்மா இருந்திருந்தால் தும்புத்தடியாலை வெளுத்திருப்பா."

"பிளேனிலை வந்தவைக்கு வெள்ளி கணக்கில்லை, அக்கா," என்றாள் தங்கைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். ஸபூராவும் சிரித்தார். துண்டு தள்ளும் வழக்கத்தை விளங்கப்படுத்தினார். மகள்மார் மாறி மாறித் தள்ளி விளையாடினார்கள். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது.

கதை வந்தது. அலுமாரி வந்தது. செல்வநாயகி கண்ணைத் துடைத்தாள்.

"எங்கடை வீட்டிலையும் உங்கடை தெருவின்ரை ஞாபகம் ஒண்டு இருக்கு, அக்கா," என்றாள். "அப்பா அந்த நேரம் அலுமாரி ஒண்டு வாங்கினவர். ரவுணிலை இயக்கப் பொடியள் உங்கடை ஆக்கள் விட்டிட்டுப் போன சாமானெல்லாம் போட்டு வித்தவை. நல்ல முதிரை மரம். இப்பவும் உடுப்பிட்டியிலை நிக்குது. திறப்பில்லை. பூட்டை உடைச்சுத் திறந்தால் உள்ளுக்கை ஒரு பச்சைச் சாறி, மடிப்புக் கலையாமல். அம்மா எங்கள் மூண்டு பேருக்கும் சட்டை தைச்சுத் தந்தவ. நல்லூர்க் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனனாங்கள். என்னடி?"

"ஓமக்கா, சரிகைக்கரை வைச்சது," என்றாள் தங்கைக்காரி.

ஸபூரா கையைச் சோற்றிலிருந்து எடுக்கவில்லை. எழும்பவும் முடியாது, மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கவில்லை.

செல்வநாயகி கள்ளமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் விசயமே. அவளுக்கு உண்மையிலேயே இரக்கம் வந்தது. தன் பக்கத்திலிருந்த பெரிய துண்டை ஸபூராவின் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்கோ, அக்கா. எல்லாம் முடிஞ்ச கதை."

ஸபூரா அந்தத் துண்டைப் பார்த்தார். ஒரு விரலால் திருப்பித் தள்ளினார்.

அதன் அர்த்தத்தை அரை மணித்தியாலத்துக்கு முதல் அவரே விளங்கப்படுத்தியிருந்தார். வட்டிலப்பத்தை ஒருவரும் தொடவில்லை.

அடுத்த நாள் தனோஜன் பின்பக்கக் குழாயடிக்கு வந்தான்.

"அவ அறையிலை இருந்து அழுறா, அன்ரி. சொறி எண்டு ஒரு சொல்லுச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுங்கோ. காரியம் முடிஞ்சுது."

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே."

"துண்டைத் தள்ளினியள்."

"தள்ளினனான்."

"அது உங்கடை அலுமாரியும் இல்லையாம். உங்கடை சாறி மரூன் எண்டெல்லே சொல்லுறனீங்கள்."

"என்ரை இல்லைத்தான். ஆரோ ஒருத்தியின்ரை. அவளும் பூட்டிப்போட்டுத்தானே போயிருக்கிறாள்."

"நிரந்தரம் வேணுமோ, வேண்டாமோ? வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வேணும், தம்பி. ஏழு வரியமாய் வேணும். ஆனால் உதுக்குச் சொறி சொல்லமாட்டன். அவ சொன்னவவோ?"

செல்வநாயகி போகும்போது எழுதிவைத்தாள்: சாப்பாடு அருமை, உபசரிப்பில் கசப்பு இருந்தது. உண்மைதான். அது ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நிரந்தரம் போயிற்று. வேலையால் நிற்பாட்டவும் இல்லை. புரியாணிக்கு வேறு ஆள் கிடையாதே.

நாலைந்து பேராவது சேர்ந்து கேட்டிருந்தால் தனோஜன் இப்படிச் செய்திருக்க மாட்டான். குசினியில் இருந்த மற்றவர்கள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சங்கம் என்று வாயெடுத்தாலே இப்போது மூக்கைப் பொத்துகிறார்கள்.

இப்போது ஆறாவது இடத்தில் ஸபூராவுக்குப் பதிலாகப் பிரசாந்தி இருக்கிறாள். வரவேற்பு மேசையில் வேலை செய்யும் பிள்ளை, இருபத்துமூன்று வயது. தலையில் முக்காடு போட்டுவிட்டு, "சோனகத் தெருவில் ஒரு பெண் இருந்தார்" என்று தொடங்குவாள். முதல் வாரம் பழக வந்தாள்.

"அன்ரி, எந்த இடத்திலை அழவேணும்?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் அதிலை ஒருநாளும் அழேல்லை. சாப்பிட்டவைதான் அழுதவை."

பிரசாந்தி வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டாள். சும்மா கையை வைத்துக்கொண்டு குந்தியிருப்பாள். விருந்தினர் கதைக்குக் கண் கலங்கி, அவள் பக்கம் துண்டு துண்டாகத் தள்ளுவார்கள். அவள் திருப்பித் தள்ளுவதில்லை. சிரித்துக்கொண்டு இருப்பாள். எல்லாம் அங்கேயே குவியும்.

தட்டு குசினிக்குத் திரும்பி வரும்போது ஐந்து பக்கம் வழித்துத் துடைத்திருக்கும், ஒரு பக்கம் மட்டும் மலைபோல நிற்கும். ஸபூரா அதைக் கொட்டுவதில்லை. பொலித்தீன் லஞ்ச் சீட்டில் சுற்றிக்கொண்டு சோனகத் தெருவுக்கு நடந்து போய், தன் வீட்டுக் குசினியில் வேப்பமரம் நின்ற இடத்தில் இருந்து தனியச் சாப்பிடுகிறார்.