மாத்தே என்றால் நில்

மத்தியானக் கிழங்கு வேகும் நேரத்தில் செய்தி வந்தது. குருண் ஊர் வண்டிப்பேட்டையில் சக்கரத்துக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தார் முருகையா. பாலத்திலிருந்து ஓடிவந்த வண்டிக்காரர் ஒருவர், உங்கள் தம்பி பரஞ்சோதி போய்விட்டான் என்றார்.

ஜப்பான்காரன் வந்த பிறகு, யான் என்ற ஊர் வயல்களின் நெல் அந்த ஒற்றைப் பாலத்தின் வழியாகத்தான் குருணுக்கு வந்தது. பின்வாங்கிய வெள்ளைக்காரன் உடைத்துவிட்டுப் போன பாலம். மேலே பலகை அடித்து ஒப்பேற்றியிருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அன்று எதிர்க்கரையில் ராணுவ லோரி ஏறுவதைக் கண்ட காவல் சிப்பாய், "மாத்தே" என்று கத்தினான். அவன் பாஷையில் அதற்கு நில் என்று பொருள். பரஞ்சோதியின் காதில் "மாட்டெ" என்று விழுந்தது. மாட்டை ஓட்டச் சொல்கிறான் என்று நினைத்துப் பயத்தில் சாட்டையை வீசினான். நம்மில் யாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

லோரியில் மோதி அவனும் காளைகளும் நெல்லும் ஆற்றில். லோரி மூக்கு நொறுங்கிக் கரையோரம் கவிழ்ந்தது. பலகை மாற்றும்வரை பாலம் செத்துக் கிடந்தது.

பாலம் திறந்த அன்று முருகையா வண்டி பூட்டவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்து முனையில் போய் நின்றார். ஒரு கரை வண்டிகள் கடந்து முடியும்வரை மறுகரையை விடவில்லை. சிப்பாய் கத்தும்போதெல்லாம் "நில்லு" என்று இவரும் கத்தினார். வண்டிகள் சீனன் கடைவரை வரிசையில் நின்றன. நெல் வியாபாரி குழந்தைவேலு நேரிலேயே வந்துவிட்டார்.

"என் வண்டியெல்லாம் இங்க படுத்துக் கெடக்கு. நீ என்ன, பாலத்துக்கு மாப்பிள்ளையா? ஜப்பான்காரன்கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும்லா, சயாம் ரயிலுக்கு அனுப்பிருவான்."

சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை. முருகையாவுக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். துண்டை மடக்காமல் நின்றார்.

குழந்தைவேலு சொல்லியே விட்டார். அதிகாரி ஒருவன் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியை மொழிபெயர்க்க அழைத்து வந்தான். முதலில் கன்னத்தில் ஓர் அறை. பிறகுதான் கேள்வி: ராணுவத்து நெல்லை ஏன் தாமதப்படுத்துகிறாய்? முருகையா கீழே கிடந்த லோரியைக் காட்டினார்.

"நின்ன நெல்லு சாயங்காலம் வந்துரும் கிராணி. அன்னைக்கு விழுந்தது வந்துச்சா? அந்த லோரிக்கு சாமான் எங்க கெடைக்குது? பலகை மாத்துற வரைக்கும் ஒரு வண்டி போகல. காத்துக் கெடந்தா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் போவுது, அதான் எல்லாரும் கத்துறாங்க. மோதுனா ஒரு வீட்டுக்குத்தான் உசிரு போவுது. அந்த வீட்டு அழுக இங்க வரைக்கும் கேக்காது."

கடைசி வரியைக் கிராணி மொழிபெயர்க்கவில்லை. மற்றதே போதுமாக இருந்தது. லோரி கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த அதிகாரி, கவிழ்ந்து கிடந்ததை நெடுநேரம் பார்த்தான். பிறகு, இந்த ஆள் இங்கேயே நிற்கட்டும், சிப்பாய் இவனுடைய சொல்லைப் படிக்கட்டும் என்று உத்தரவிட்டான்.

சிப்பாயின் நாக்கில் 'நில்லு' ஏறவில்லை, 'நிர்ரு' என்றான். வண்டிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் நின்றார்கள். முருகையாவுக்கு 'மாத்தே அண்ணன்' என்று பெயர் விழுந்தது. வரிசை குறையவில்லை, முணுமுணுப்பும் குறையவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாலம் ஒரு மாட்டைக்கூடக் காவு வாங்கவில்லை. பின்னாளில் குழந்தைவேலுவே, "நம்ம ஆளு நிக்கிறான்லா, நெல்லு பத்திரம்" என்று கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் குரல் மறுகரைக்கு எட்டவில்லை. அங்கேயும் ஓர் ஆளை நிறுத்த முருகையா அத்தாப்பு ஓலைக் கொட்டகை போடத் தொடங்கினார். பாதியில் காய்ச்சல் கண்டது. கொயினா மாத்திரை கிடைக்காத காலம். ஜப்பான்காரன் போவதை அவர் இருந்து பார்க்கவில்லை.

கொட்டகைக்கு நான்கு கால்களும் நட்டிருந்தார். கூரை வேயவில்லை.