தடிமன் இல்லாதவர்கள் உள்ளே வரலாம்

"தடிமன் கிடக்கோ?"

ஓர்ஸ் ஹில்லில் அந்த நீலக் கேற்றைத் தட்டுகிற எவரிடமும் ஐவியக்கா முதலில் கேட்பது இதைத்தான். கறண்ட் பில் கொண்டுவருகிறவர், தபால்காரர், சைக்கிளில் மீன் விற்கிறவர் என்று ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லை. தடிமன், சளி, மூக்கடைப்பு ஒன்றும் இல்லையென்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த கணம் மூக்குக்கு நேரே ஒரு கிண்ணம் வந்து நிற்கும். ஏலக்காய் தூக்கலா, வெண்ணெய் பழசா, அடி பிடித்த வாசம் வருகிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன பிறகுதான் வந்த காரியத்தைப் பேசலாம். தடிமன் பிடித்தவர்கள் வெளியே நின்று கதைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

காரணம் எளியது. ஐவியக்காவுக்கு மணம் தெரியாது, ருசியும் தெரியாது. இருபத்தெட்டு வருடமாக வீட்டில் கேக் அடித்து விற்கிற ஒருவருக்கு வேறு எந்தக் குறை வந்திருந்தாலும் சமாளித்திருக்கலாம். வயது அறுபத்திரண்டு, கட்டையான ஆள், முழங்கைவரை எப்போதும் மா. நடையில் அவசரம், பேச்சில் அதைவிட அவசரம். கேக் அடிக்கும்போது மணிக்கூட்டைப் பார்க்கமாட்டார். ஒரு செபமாலை சொல்லி முடிய வெண்ணெயும் சீனியும் பதத்துக்கு வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அவர் செபம் சொல்லும் வேகத்துக்கு மாதாவுக்கே மூச்சு வாங்கும்.

பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்கும் கணவர் பேணாட்டுக்கும் ஒரே கிழமையில் காய்ச்சல் வந்தது. துறைமுகத்தில் கிறேன் ஓட்டிய பேணாட், ஆசுபத்திரிக்குப் போன பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். முகத்தைப் பார்க்கவும் விடவில்லை. ஐவியக்கா பிழைத்துக்கொண்டார், போன மணம் மட்டும் திரும்பவில்லை. துக்கம் நடந்த வீட்டில் முதல் வருடம், இயேசு பிறந்த நாளான நத்தாருக்குப் பலகாரம் செய்யமாட்டார்கள், அயலவர்கள்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வருடம் நீலக் கேற்றை ஒருவரும் தட்டவில்லை. ஊரே பயந்து கிடந்த காலம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அது வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது.

ஹோலில் மாட்டியிருக்கும் திரு இருதயப் படத்தோடு அவர் ஒரு வருடத்துக்கு மேல் கோபம். பின்னேரமானால் விளக்குக் கொளுத்துவார், முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவார். பூசைக்குப் போவார், கடைசி வாங்கில் இருந்துவிட்டு ஆசீர்வாதம் முடிய முதலே எழும்பி வந்துவிடுவார். அடுத்த நத்தார் நெருங்கியபோது பங்குச் சுவாமி அஞ்சலோ வீட்டுக்கு வந்து, முதியோர் இல்லத்துக்கு நாலு கேக் வேண்டும் என்றார். மணமும் ருசியும் போன மனுஷியால் இனி ஒன்றும் ஏலாது என்று ஐவியக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். சுவாமி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "கேக்கை நீங்களோ சாப்பிடப் போறீங்கள்?" என்று கேட்டார்.

அப்போது ஐவியக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம். சுவாமி கேற்றைச் சாத்திவிட்டுப் போன பிறகு அழுகையும் வந்ததாம். "இவ்வளவு காலமும் என்ர மூக்குக்குத்தான் கேக் அடிச்சிருக்கிறன். மற்றவைக்கு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்" என்பார். அன்று பின்னேரம் விளக்குக் கொளுத்தும்போது படத்தை நிமிர்ந்து பார்த்து ஒரு பாட்டம் ஏசினார். ஏசி முடிந்ததும் இருவருக்கும் சமாதானம். அதைப் பற்றிக் கேட்டால் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. "அவருக்கு என்ர மூக்குத் தேவைப்பட்டிருக்கு, எடுத்திட்டார். கை ரெண்டையும் விட்டிட்டார்தானே."

அந்தக் கைகளுக்கு அந்த வருடமே ஒரு வேலை கிடைத்தது. மார்கழி பிறந்ததும் மாதா கோவிலடியில் விசாரித்து, அவ்வருடம் சாவு விழுந்த வீடுகளைத் தெரிந்துகொள்வார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேக். ஆளிடம் கொடுத்து அனுப்புவதில்லை. தானே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தானே வெட்டிக் கொடுப்பார். தாயைப் பறிகொடுத்த சுதர்ஷிகா என்ற பிள்ளை, எதைச் சாப்பிட்டாலும் ருசிக்கவில்லை என்று தட்டைத் தள்ளி வைத்தாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஏற்கெனவே அவளுக்கு நிறையச் சொல்லியிருந்தார்கள். ஐவியக்கா, "எனக்கும்தான் பிள்ளை ருசிக்கிறேல்ல. வாங்கோ, ரெண்டு பேரும் சும்மா சப்புவம்" என்று தன் வாயில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். சுதர்ஷிகா இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

கைகள் அவருடையவை, மூக்குகள் இரவல். பக்கத்து வீட்டுத் தினுஷா காலையில் கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, வேலைக்குப் போகும்போது மணந்துவிட்டுப் போவாள். முச்சக்கரவண்டி யோகலிங்கம் சந்தியில் நின்றபடியே மணம் பிடித்து, கேக் வேகிற அவணை நிற்பாட்டச் சொல்லிக் கத்துவார். இவர்களுக்கெல்லாம் தலைமை மூக்கு கிண்ணியா றுக்கியா. திங்களும் வியாழனும் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் ஊர்முட்டை கொண்டுவருகிற றுக்கியா, கராம்பு ஒன்று கூடினாலும் ஒன்று குறைந்தாலும் சொல்லிவிடுவார். நத்தார் கேக்கில் பிராண்டி சேர்வதால் அதை மட்டும் அவர் வாயில் வைப்பதில்லை. றுக்கியாவுக்கென்று பழங்களைச் சாயத் தேத்தண்ணியில் ஊறவைத்து வேறாக ஒரு கேக் எப்போதும் உண்டு. பெருநாளைக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும். ஐவியக்கா அதை ருசி தெரியாமலே முழுசாகச் சாப்பிட்டு முடிப்பார்.

போன மார்கழியில் றுக்கியாவின் மகள் பஸ்மியாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. நத்தார் முடிந்து இரண்டாம் நாள், கிண்ணியாவில். வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு துண்டு கேக்கை ஐவியக்காவிடமே சொன்னார் றுக்கியா. மாப்பிள்ளை வீட்டு ஸல்ஹா மாமி, குடிவகை ஊற்றுகிற குசினியில் செய்த கேக் எப்படிச் சரிவரும் என்று கேட்டிருக்கிறார். அந்த அக்காவின் கைக்கு நான் பொறுப்பு என்று றுக்கியா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஐவியக்காவும் சும்மா இருக்கவில்லை. புதுத் தட்டு, புது அகப்பை வாங்கி, நத்தார் வேலையை ஒரு மேசையிலும் கலியாண வேலையை இன்னொரு மேசையிலுமாகப் பிரித்து வைத்தார்.

அவணில் வேகவைத்து எடுத்த கேக் காய்ந்துபோகாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை கரண்டியால் ஊட்டவேண்டும். நத்தார் கேக்குக்குப் பிராண்டி, கலியாணக் கேக்குக்குத் தண்ணீராகக் காய்ச்சிய தேன்பாகு. இரண்டும் ஒரே நிறம், ஒரே மாதிரிப் போத்தல். பிராண்டிப் போத்தலின் கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு றப்பர் வளையம் போட்டிருந்தார். ஒரு மழைநாள் அந்த வளையம் கழன்று மேசையில் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தால் முடிந்த அலுவல். ஐவியக்கா கேற்றடிக்குப் போய்ப் பார்த்தார், தெருவில் ஒரு குருவியும் இல்லை. இருபத்தெட்டு வருட அனுபவத்தை நம்பி வளையத்தை ஒரு போத்தலில் மாட்டிவிட்டு, செபமாலையைச் சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் ஊட்டி முடித்தார்.

இருபத்துமூன்றாம் தேதி காலை, கோவிலுக்குப் பூ ஏற்ற வந்த யோகலிங்கத்திடம் கலியாணக் கேக்கைப் பிரித்து நீட்டினார். யோகலிங்கத்தின் மூக்கு ஏலக்காயில் தடுமாறும், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது பட்டதாரி. கண்ணை மூடி ஒருமுறை இழுத்துவிட்டு, "அக்கா, இது நல்ல சாமான் ஊத்தின கேக்" என்றார். ஐவியக்கா கேக்கைத் திரும்ப வாங்கி மூடி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். றுக்கியா கொடுத்த வாக்கு கண்முன்னால் வந்து நின்றது. யோகலிங்கத்துக்கும் பாவமாகப் போய்விட்டது. கொஞ்சம் ஏலக்காய்த் தூளும் ரோஸ் எசென்ஸும் தெளித்தால் அமுங்கிவிடும், ஆருக்கும் விளங்காது, நானும் வாய் திறக்கமாட்டேன் என்று அவர் ஒரு யோசனை சொன்னார்.

ஐவியக்கா ஹோலில் இருந்த படத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஆனால் எழும்பிப் போகவில்லை. "என்ன சொல்லுவார் எண்டு தெரியுந்தானே. பிறகேன் அவரைக் கரைச்சல்படுத்துவான்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தரம் பிழையான நம்பர். மூன்றாம் தரம் றுக்கியா கிடைத்தார்.

"றுக்கியா, நான் ஒரு பிழை விட்டிட்டன். கலியாணக் கேக்கில பிராண்டி பட்டிட்டு."

 போனில் பஸ் ஒன்று ஹோன் அடித்துப் போவது கேட்டது. சினேகிதம் இத்தோடு சரி என்று ஐவியக்கா முடிவு கட்டிவிட்டார். பிறகு றுக்கியாவின் குரல் வந்தது.

"எத்தின முட்ட வேணும்?"

மத்தியானம் றுக்கியாவே வந்து இறங்கினார். ஒரு கூடையில் முட்டை, இன்னொரு பையில் தன் வீட்டுத் தட்டுகள். ஏசவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு பழைய தட்டெல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கினார். மூடி மறைக்க யோசனை சொன்னவர் யார் என்று தெரிந்ததும் யோகலிங்கத்தைப் பார்த்த பார்வையில், அவர் தானாகவே கத்தியை எடுத்து, சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசியை வெட்டக் குந்திவிட்டார். தினுஷா அரைநாள் லீவு போட்டு வந்தாள். ஊறவைக்க நாள் இல்லாததால் பழங்களைத் தேத்தண்ணியில் அவித்தார்கள். ஐவியக்கா செபமாலை சொல்லி அடிக்க, றுக்கியா பக்கத்தில் நின்று கஜு அரிந்தார். செபம் கொஞ்சம் இழுபட்டால், சுருக்காகச் சொல்லும்படி அவர்தான் அவசரப்படுத்தினார்.

இருபத்துநாலாம் தேதி பின்னேரம் கடைசித் தட்டு அவணிலிருந்து இறங்கியது. மூன்று மூக்குகளும் தனித்தனியாக மணந்து ஒரு குற்றமும் இல்லையென்றன. அவ்வருடம் ஐவியக்காவின் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கவில்லை, சீலைக்கு ஸ்திரிக்கை போடவும் நேரமில்லை. நத்தார் காலைப் பூசையில் பிரசங்கம் முழுக்க நித்திரை. பிராண்டி பட்ட இருநூறு துண்டும் முதியோர் இல்லத்துக்குப் போயிற்று. வழமைக்கு மாறாக ஆண்கள் பக்கத்தில் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கேட்டு வாங்கினார்களாம்.

கலியாண வீட்டில் ஐவியக்காவைப் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருத்தினார்கள். பஸ்மியா தங்க நிறச் சேலையில் தலை குனிந்து இருந்தாள். கேக் பெட்டிகள் கைமாறிக்கொண்டு வந்தன. எதிரே இருந்த ஸல்ஹா மாமி தன் பெட்டியைத் திறந்து, துண்டை எடுத்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தார். மணந்துவிட்டு மறுபடியும் மணந்தார்.  அந்தக் கேக்கில் என்ன மணம் இருக்கிறது, என்ன மணம் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் ஐவியக்கா ஒருவர்தான். மூன்று பேர் சொன்னார்கள், நம்பினார், அவ்வளவுதான் அவரிடம் இருந்தது.

தட்டோடு வந்த றுக்கியா இதைக் கண்டார். அந்த இடத்திலேயே நின்று, கைக்கு வந்த ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த துண்டை மூக்கருகே கொண்டுபோகாமல், ஐவியக்காவைப் பார்த்தபடி, முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.