114 எண் சாவி

ரோவீனா கிராட்ஸ் ஒஹையோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பதினோரு ஆண்டுகளாக ஒரே வழித்தடம். நாற்பத்தொரு வயதில் அவளுக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது, ஆனால் இரண்டு பருவங்களுக்கு மட்டும். 2003இல் பாதியில் விட்ட கல்லூரியில் அவள் தேறியிருந்த 31 பாட அலகுகளைச் சேர்த்துக்கொண்டால் அந்த இரண்டு பருவமே போதும். இல்லையென்றால், அலகுக்கு 170 டாலர் வீதம் 5,270 டாலர் கையிலிருந்து கட்டவேண்டும். அவ்வளவு பணம் அவளிடம் இல்லை.

அந்த 31 அலகுகளுக்குச் சான்று பழைய கல்லூரியின் மதிப்பெண் பட்டியல். பாக்கி வைத்தவர்களுக்கு அதைத் தரமாட்டார்கள். மகள் பிறந்து அவள் படிப்பை நிறுத்திய வருடம் அங்கிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. கட்டணம் கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள் என்று பயந்து, பிரிக்காமலே பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். பத்தொன்பது வருடமாக அவை அங்கேயே இருந்தன.

2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை காலை 9.10க்குக் கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். கணவன் டுவைட் பக்கத்தில் காப்பியோடு நின்றான்.

“பட்டியல நிறுத்தி வச்சிருக்காங்கம்மா,” என்றாள் அலுவலகப் பெண். “இருங்க, காரணம் பாக்கறேன்... வேதியியல் கூடத்து அலமாரிச் சாவியத் திருப்பித் தரல. நூத்திப் பதினாலு.”

“கட்டணம் எவ்வளவு பாக்கி?”

“அதெல்லாம் அப்பவே கட்டிட்டீங்க. சாவி மட்டுந்தான். தொலைஞ்சிருந்தா முப்பத்தஞ்சு டாலர்.”

ரோவீனா மேசைமேல் கிடந்த தன் சாவிக்கொத்தை இழுத்தாள். டுவைட்டின் அப்பா வீட்டு நிலவறைச் சாவி என்று இருவரும் நம்பியிருந்த சின்னப் பித்தளைச் சாவியைத் திருப்பினாள். 114.

“அடிப்பாவி!” என்றான் டுவைட். “கார் சாவிய ரெண்டு தடவ தொலைச்ச. வீட்டுச் சாவிய ஆத்துல போட்ட. இத மட்டும் இவ்ளோ பத்திரமா வச்சிருக்கியே!”

அன்றே 64 மைல் போனார்கள். அலுவலகப் பெண் சாவியை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். “இந்த அலமாரியெல்லாம் ஒடச்சு எடுத்துப் பதிமூணு வருஷமாச்சும்மா.” ஆனாலும் ரசீது போட்டாள். 2.40க்குப் பட்டியல் முத்திரையோடு ரோவீனாவின் கைக்கு வந்தது.

காரில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த மூன்று கடிதங்களில் ஒன்றைப் பிரித்தாள். தயவுசெய்து சாவியைத் திருப்பித் தரவும் என்று ஒரே வரி. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“மத்த ரெண்டையும் பிரிக்காத,” என்றான் டுவைட், வண்டியைக் கிளப்பியபடி. “பூட்டையும் கேட்டிருக்கப் போறாங்க.”