பொன்னுத்தங்கத்தின் புள்ளி ஃபைல்கள்

பொன்னுத்தங்கத்தின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் உண்டு. மற்ற மூன்றும் 2014 ஆவணியில், சிவகாசியில் ஓர் அச்சகத்தின் அட்டையை வடிவாக வெட்டும் டை பஞ்சிங் மெஷினில் போயின. தீபாவளி சீசன். மத்தாப்புப் பெட்டிக்கான அட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் அட்டை கோணலாக விழுந்தது. அதை நேராக்கக் கை போய்விட்டது. அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு.

தாயில்பட்டிக்காரி. கம்ப்யூட்டர் பிரிவில் பிளஸ் டூ முடித்தவள். பட்டாசு ஆலை பயம் வேண்டாம், பேப்பர் வேலைதான் பத்திரம் என்று வீட்டில் சொல்லி அனுப்பிய வேலை அது.

கை ஆறியதும் முதலாளி ஸ்ரீராம்குமார் அவளைத் திரும்ப அழைத்து, கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

"இங்கன உக்காந்து ஃபைலு பேரெல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாரும்மா. செரமப்படாதே."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த 'மட்டும்' அவளுக்குள் தைத்தது. மூன்று மாதம் அவள் பார்க்க மட்டும் செய்தாள். பார்த்ததில் அவளைப் பிடித்து வைத்தது மூலையிலிருந்த ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். டிசைனர்கள் முடித்துத் தரும் லேபிள்களெல்லாம் அச்சு பிளேட் அடிக்கப் போகும் முன் அதன் வழியாகத்தான் போகும். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பைசல் என்பவன் அதைப் பார்த்துக்கொண்டான். அவளைவிட இரண்டு வயது இளையவன். அவன் மவுசைத் தொடவே மாட்டான். கருப்புத் திரையில் ஒரு வரி கமாண்டு அடிப்பான். இருநூறு லேபிள்கள் அளவு மாறி, பெயர் மாறி, வரிசையாக வந்து நிற்கும்.

பொன்னுத்தங்கம் அந்த வரிகளை இடது கையால் ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கினாள். அடுத்த பெருநாளுக்கு பைசல் லீவில் இருந்தபோது அச்சங்குளம் ஆலை ஒன்றுக்கு அவசர லோடு. லேபிள் இல்லாமல் பெட்டி நிற்கிறது. அவள் நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஒரு வரி அடிக்க நாலு நிமிஷம் ஆனது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இன்னொரு கட்டையை அடிக்க இரண்டு கை வேண்டும். அவளிடம் ஒன்றேகால்தான் இருந்தது. ஆனாலும் மத்தியானத்துக்குள் பிளேட் தயாராகிவிட்டது.

மறுநாள் பைசல் வந்து பார்த்தான். அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"இம்புட்டு நீளத்தையும் முழுசா அடிச்சீகளாக்கா? சுருக்குப் பேரு வச்சுக்கிடலாமே!"

அவன் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினான். பெயரின் முதலில் ஒரு புள்ளி. அப்படிப் புள்ளி வைத்த ஃபைல்கள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டெர்மினல் என்ற அந்தக் கருப்புத் திரையைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நீளமான ஒரு கமாண்டுக்கு இரண்டெழுத்தில் ஒரு பெயர் வைத்து அதில் எழுதிவிட்டால் போதும். அதன் பிறகு இரண்டெழுத்து அடித்தால் முழு வேலையும் நடக்கும்.

அவள் அன்றைக்கே ஆறு பெயர்கள் வைத்தாள். எல்லாம் கீபோர்டின் இடது பாதியில் இருக்கும் எழுத்துகள். ஒன்றுக்கு 'டிடி' என்று வைத்ததைப் பார்த்து பைசல் பதறிப்போனான்.

"யக்கா, அந்தப் பேருல ஏற்கெனவே ஒரு கமாண்டு இருக்கு. டிஸ்கையே அழிச்சு எழுதுறது. பழக்கதோஷத்துல வேற மெஷின்ல போயி அடிச்சிராதீக."

"அப்ப எனக்கு வேற பேரு வேணும். இடது கைக்குள்ள இருக்கணும்."

"என்னமும் வைங்க. அது மட்டும் வேணாம்."

அங்கிருந்து அவள் நிற்கவில்லை. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்காமல் ஒரு தட்டு தட்டினாலே போதும் என்று மாற்றினாள். அடுத்து அவள் செய்ததுதான் பெரிய வேலை. ஸ்பேஸ் கட்டையை அழுத்திப் பிடித்தால் கீபோர்டின் இடது பாதி வலது பாதியாக மாறிவிடும். கண்ணாடியில் பார்ப்பதுபோல. எஃப் இருந்த இடத்தில் ஜே, டி இருந்த இடத்தில் கே. இதைச் சரியாகக் கொண்டுவர அவளுக்கு ஏழு மாதம் ஆனது. இடது கையை நகர்த்தாமலே ஆங்கில எழுத்து இருபத்தாறும் அவளுக்குக் கிடைத்தன. 2017 முடிவதற்குள் அவளும் பைசலும் ஆளுக்குப் பாதி என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஃபைல் பெயர் பார்க்கும் வேலை வேறொருவருக்குப் போனது.

அடுத்த வருஷம் கோடையில் அவள் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதென்று சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் காப்பி எடுத்துக்கொண்டு புது டிஸ்க் போட்டுக் கொடுத்தார். பழையதை அழித்தும்விட்டார். பொன்னுத்தங்கம் டெர்மினலைத் திறந்து இரண்டெழுத்து அடித்தாள். அப்படியொரு கமாண்டு கிடையாது என்றது. ஸ்பேஸை அழுத்திப் பிடித்தாள். வெறும் இடைவெளியாக ஓடியது.

"எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டனேம்மா" என்றார் அவர்.

கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் அவர் காப்பி செய்திருந்தார். புள்ளி வைத்தவை அவர் கண்ணில் படவில்லை.

அவள் எழுந்து பேப்பர் கட்டுகள் அடுக்கிய குடோனுக்குப் போய் நின்றுகொண்டாள். பைசல் தேடி வந்தபோது முகத்தைத் துடைத்தாள்.

"ரெண்டாவது வாட்டி கை போனாப்புல இருக்கு, பைசலு."

"வாங்கக்கா, நெனப்புல இருக்கறதை எழுதிருவோம்" என்றான்.

மூன்று வாரத்தில் பெரும்பகுதி திரும்பியது. இந்த முறை அவள் எல்லாப் புள்ளி ஃபைல்களையும் ஒரே ஃபோல்டருக்குள் வைத்தாள். அவை வழக்கமாக இருக்க வேண்டிய இடங்களில் அந்த ஃபோல்டரைக் காட்டும் இணைப்புகளை மட்டும் போட்டாள். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும் கிட் என்ற புரோகிராமைக் கற்றுக்கொண்டு, ஃபோல்டரின் பிரதியை இணையத்திலும் ஏற்றிவிட்டாள். அதை அவள் மட்டும் பார்க்க முடியும். எந்த மெஷின் போனாலும் இனி ஃபைல் போகாது.

நாலு வருஷம் கழித்து, 2022 ஆனி மாதம், ஓர் இணையக் குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள்: ஒரே கையால் கமாண்டு அடிக்கிறவர்கள் யாராவது உண்டா, என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று. பொன்னுத்தங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை தன் ஃபோல்டரை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டு, முகவரியை அங்கே போட்டாள்.

புதன்கிழமை முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து இமெயில் வந்தது. உங்கள் சுருக்குப் பெயர் ஃபைலில் நாற்பத்தோராவது வரியில் ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது, வரியை அழித்தால் போதாது, பழைய பதிவுகளிலும் அது இருக்கும் என்று எழுதியிருந்தார்.

அது அச்சகத்தின் பெரிய வாடிக்கையாளரான ஒரு பட்டாசு வியாபாரக் கம்பெனியின் சர்வர் பாஸ்வேர்டு. லேபிள்களை ஒரே தட்டில் அனுப்புவதற்காக எப்போதோ அந்த வரியில் எழுதிவைத்தது. அந்தச் சர்வரில் வரப்போகும் தீபாவளிக்கான பெட்டி டிசைன்கள் முழுவதும் இருந்தன. சீசனுக்கு முன் ஒரு டிசைன் வெளியே போனால், அதே படத்தோடு வேறு பெட்டி கடைக்கு முதலில் வந்துவிடும்.

உடனே ஃபோல்டரை மூடினாள்.

பைசல் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மூடியாச்சுல்ல? விட்ருங்கக்கா. நாலு நாளுல யாரு பாத்திருக்கப் போறா? சொன்னா ஒங்களைத்தான் தப்பு சொல்லுவாக."

"பாத்தாரே ஒருத்தரு. அவரு நல்லவரா இருக்கப்போயி எனக்கு எழுதினாரு. பாத்துட்டு எழுதாதவன் இருந்தா?"

"அண்ணாச்சி கத்துவாரு."

"கத்தட்டும். பாஸ்வேர்டை மாத்தணும்னா அவுகளுக்குத் தெரியணும்ல."

ஸ்ரீராம்குமார் கத்தத்தான் செய்தார். அவளுடைய சொந்த செட்டிங்கில் கம்பெனி ரகசியம் எப்படி வந்தது என்று கேட்டார். இத்தனை வருஷமாக எது சொந்தம், எது கம்பெனியுடையது என்று அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போற டிபன் பாக்ஸா இது? ஊர் ஒலகத்துக்குத் தெறந்து வைக்க?"

"தப்புதான் அண்ணாச்சி. நானே அவுககிட்டப் பேசுதேன்."

அவர் தன் போனிலேயே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். பொன்னுத்தங்கம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். என்று திறந்தாள், என்று மூடினாள், எந்த பாஸ்வேர்டு. பார்த்துச் சொல்கிறோம் என்று அங்கே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் செய்தி வந்தது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். அந்த நாலு நாளில் அச்சகத்தைத் தவிர வேறு யாரும் உள்ளே வந்ததாகப் பதிவில்லை. ஆனால் இனி தங்கள் வேலை அந்தம்மா கைக்குப் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த சீசன் முழுக்க அந்தக் கம்பெனியின் லேபிள்களை பைசல்தான் அனுப்பினான். பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. முகத்தில் காட்டவில்லை. ரகசியங்களுக்கென்று தனியாக ஒரு ஃபைல் வைத்தாள். அது ஃபோல்டருக்கு வெளியே, அந்த மெஷினை விட்டு நகராதபடி இருந்தது. பழைய பதிவுகளையும் அடியோடு எடுத்துவிட்டாள். ஃபோல்டரை மட்டும் மறுபடி எல்லோருக்கும் திறக்கவே இல்லை.

ஐப்பசியில் மைசூரிலிருந்து ஒரு கடிதம் இமெயிலில் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. பொன்னுத்தங்கத்தின் ஃபோல்டர் திறந்திருந்த அந்த நாலு நாளில் கீபோர்டு ஃபைலை எடுத்து, வலது கைக்கு ஏற்பத் திருப்பிப் போட்டுக்கொண்டாராம். மறுபடி கம்ப்யூட்டரில் உட்காருகிறேன், ஆனால் மற்ற ஃபைல்களை எடுப்பதற்குள் உங்கள் பக்கத்தைக் காணோமே, என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார். தான் திருப்பிப் போட்டதையும் கூடவே அனுப்பியிருந்தார்.

அவள் அதை பைசலிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"தெறப்போம். ஆனா ஒவ்வொரு வரியா ரெண்டு பேரும் படிச்சிட்டுத்தான்."

நூற்றுப் பன்னிரண்டு வரி. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைகளில் நாலு நாள் படித்தார்கள். இரண்டு இடத்தில் வாடிக்கையாளர் பெயர் இருந்தது, எடுத்தார்கள். ஐந்தாம் நாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு அவள் ஃபோல்டரைத் திறந்தாள். வாத்தியாரின் வலது கை ஃபைலும் அவர் பெயரோடு உள்ளே இருந்தது.

அந்தப் பட்டாசுக் கம்பெனி மறு சீசனிலும் அவளிடம் வேலை கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அங்கே ஆள் மாறி, பழைய நிபந்தனை யாருக்கும் நினைவில்லாமல் போனது. ஸ்ரீராம்குமார் மட்டும் தானே போன் செய்து அவள் பெயரைச் சொல்லி, இன்னார்தான் அனுப்புவார், சம்மதமா என்று கேட்டுக்கொண்டார். சம்மதம் என்றார்கள்.

இப்போது பொன்னுத்தங்கத்துக்குத் தமிழில்தான் சிக்கல். தமிழ் கீபோர்டில் உயிரெழுத்துகள் இடது பாதியில், மெய்கள் பெரும்பாலும் வலது பாதியில். ஒரு கையால் அடித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்பேஸை அழுத்தி விட வேண்டியிருக்கிறது. அடிக்கடி வரும் மெய்களை இடது பாதிக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கிறாள். ஆறு மாதமாகியும் சரிவரவில்லை.

"'ழ'தான் மாட்டேங்குது" என்றாள் போன வாரம், கையை உதறிக்கொண்டு.

"நம்ம பக்கத்துப் பேச்சுல 'ழ' எங்க இருக்கு?" என்றான் பைசல். "'ள' வச்சுத் தள்ளுங்கக்கா."

அவள் சிரித்துவிட்டு மறுபடி ஸ்பேஸை அழுத்தினாள்.